டென்டுக்குள் மிளகாய், தக்காளி நாற்று: திருகோணமலைச் சூட்டில் முதல் ஐந்து கிழமை

உப்புவெளியில் இருக்கும் தம்பி ஒருவர் கேட்டது இது. கனடாவில் இருக்கும் அண்ணா அவருக்குச் செடி வளர்க்கும் டென்ட் ஒன்று அனுப்பியிருக்கிறார். நீளமும் அகலமும் 60 சென்ரிமீற்றர், உயரம் 140. கூடவே 100 வோட் எல்.ஈ.டி. விளக்கு, உள்ளே இருக்கும் காற்றை மேலால் இழுத்து வெளியே விடும் விசிறி, தட்டுக்குக் கீழே விரிக்கும் சூட்டுப் பாய், தட்டை மூடும் பிளாஸ்டிக் மூடி. தும்புத்தூளில் மிளகாயும் தக்காளியும் போட்டார். ஐந்தாம் நாள் தக்காளி முளைத்தது, ஒன்பதாம் நாள் மிளகாய். எல்லாம் நூல் மாதிரி நீண்டு வெளிறின. பிறகு அடித்தண்டு மெலிந்து ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. மிஞ்சியிருப்பவற்றின் இலை ஓரம் கருகுகிறது. "அக்கா, வீடியோவில் சொன்னதெல்லாம் அப்படியே செய்தேன். நாளுக்கு இரண்டு தரம் தண்ணீர் விசிறினேன். எங்கே பிழை விட்டேன்?" என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, அப்படியே செய்ததில்தான் பிழை வந்திருக்கிறது. உங்கள் கையில் குறையில்லை. நீங்கள் பார்த்த வீடியோக்கள் குளிர் நாட்டு வீடுகளுக்காக எடுக்கப்பட்டவை. அதிலும் பல, மிளகாயைப் பற்றியவையே அல்ல. கனடாவில் 2018 ஒக்டோபரில் சட்டம் மாறியது. பெரும்பாலான மாகாணங்களில் ஒரு வீட்டில் நாலு கஞ்சாச் செடி வரை வளர்க்கலாம் என்று வந்தபின், இப்படியான டென்டும் விளக்கும் அங்கே வீட்டுச் சாமான் மாதிரி ஆகிவிட்டன. எங்கள் நாட்டில் அந்தச் செடியை வீட்டில் வளர்ப்பது குற்றம். அதற்காகச் சொன்ன ஒளிக் கணக்கையும் பசளைக் கணக்கையும் எடுத்து மிளகாய்க்குப் போடுவதால் உங்களுக்கு ஒரு நன்மையும் இல்லை. செடி வேறு, ஊரும் வேறு. அங்கே மாரியில் வீட்டுக்குள் 18, 20 பாகைதான் இருக்கும். சூடாக்கி ஓடுவதால் காற்றும் காய்ந்துபோகும். அதனால்தான் சூட்டுப் பாய், மூடி, அடிக்கடி தண்ணீர். உங்கள் வீட்டில் இந்த ஆவணி மாதத்தில் பகல் இரண்டு மணிக்கு அறைக்குள் 33 பாகை. அந்த அறைக்குள் ஒரு டென்ட், அதற்குள் சூட்டுப் பாய், அதற்கு மேல் மூடி. பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கும்போது கம்பளியால் போர்த்தின மாதிரி.

நான் கன்னியா வீதிப் பக்கம் பதினாறு வருடமாக நாற்று வளர்த்து விற்கிறேன். அதில் கடைசி ஆறு வருடம், மாரி மழைக்குள் முளைக்க வைப்பதை வீட்டின் உள் அறையில் விளக்கின் கீழ்தான் செய்கிறேன். என் அனுபவத்தில் எங்கள் ஊரில் டென்டுக்குள் நாற்று சாவது வெயிலாலோ பூச்சியாலோ அல்ல. நாங்கள் கூடுதலாகக் கொடுக்கும் சூட்டாலும் தண்ணீராலும்தான். ஆகவே முதல் வேலையாகச் சூட்டுப் பாயைச் சுருட்டி வைத்துவிடுங்கள். அது இங்கே தேவையில்லை. மிளகாய் விதை நன்றாக முளைப்பது 25 முதல் 30 பாகைக்குள். அது எங்கள் அறைக்குள் சும்மாவே கிடைக்கிறது. 35க்கு மேல் போனால் முளைப்பே குறையும், முளைத்ததும் கழுத்து நீளும்.

அடுத்து விளக்கு. 100 வோட் விளக்கு என்றால் அந்த 100 வோட்டும் கடைசியில் சூடாகத்தான் டென்டுக்குள் தங்குகிறது. பகலில் அதைப் போட்டால் வெளியே 33, உள்ளே 37. நான் செய்வது, பகலை இரவாகவும் இரவைப் பகலாகவும் மாற்றி விடுவது. பின்னேரம் ஆறு மணிக்கு விளக்கு பற்றும், காலை எட்டு மணிக்கு அணையும். 14 மணித்தியாலம். இரவில் அறை 27, 28க்கு வரும்போது விளக்கின் சூடு சேர்ந்தாலும் 30ஐ விட்டுப் பெரிதாகப் போகாது. பகலில் செடி இருட்டில் நித்திரை கொள்ளட்டும். ஆனால் விசிறி மட்டும் பகலிலும் ஓட வேண்டும், டென்டின் கீழ்ப்பக்க வலை ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும். நீங்கள் 20 மணித்தியாலம் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கூடப் போட்டால் கூட வளரும் என்று இல்லை. தக்காளிக்கு இருட்டு கட்டாயம். நாள் முழுக்க வெளிச்சம் பட்டால் அதன் இலை மஞ்சளாகித் திட்டுத் திட்டாகக் காயும்.

இதில் மின்சாரக் கணக்கும் இருக்கிறது. முழு வலுவில் 20 மணித்தியாலம் என்றால் நாளுக்கு 2 யூனிட், மாதம் 60. எங்கள் பில் படிமுறைப்படி ஏறுகிறது, 60 தாண்டினால் ஒரு விலை, 90 தாண்டினால் வேறு விலை. அதனால் இந்த 60 யூனிட் உங்கள் வீட்டுப் பில்லை இரண்டு படி மேலே தூக்கி வைத்துவிடும். நாற்றுக்கு முழு வலு தேவையே இல்லை. விளக்கின் குமிழைப் பாதிக்குத் திருப்புங்கள். 50 வோட், 14 மணித்தியாலம், மாதம் 21 யூனிட். அம்மா பில்லைப் பார்த்துப் பேசாமல் இருக்கக்கூடிய அளவு.

நூல் மாதிரி நீண்டதற்குக் காரணம், நீங்கள் பயந்து விளக்கை டென்டின் உச்சியிலேயே கட்டிவிட்டது. வெளிச்சம் தூரத்தில், சூடு கிட்டத்தில். செடி வெளிச்சத்தைத் தேடி ஓடும், அந்த ஓட்டத்துக்குச் சூடு துணை போகும். பாதி வலுவில் இலையிலிருந்து 35 முதல் 40 சென்ரிமீற்றர் உயரத்துக்கு விளக்கை இறக்குங்கள். உங்கள் புறங்கையை இலை மட்டத்தில் அரை நிமிடம் பிடித்துப் பாருங்கள். சுடுகிறது என்று தோன்றினால் கொஞ்சம் உயர்த்துங்கள். முளைத்து மூன்றாம் நாள், முளையோடு வரும் முதல் இலைகளான வித்திலைகள் இரண்டும் விரிந்து கிடக்க, தண்டு ஒரு விரல் அகலத்துக்குமேல் நீளாமல் குட்டையாக நின்றால் வெளிச்சம் சரி. இரண்டு விரல் உயரம் போனால் இன்னும் ஐந்து சென்ரிமீற்றர் இறக்குங்கள்.

சரி, இனித் தண்ணீர். இதைத்தான் ஆறுதலாக வாசிக்க வேண்டும்.

உப்புவெளியில் கடற்கரைப் பக்கக் கிணறு என்றால் ஆவணியில் அந்தத் தண்ணீர் சவராகத்தான் இருக்கும். மழை இல்லாத மாதங்களில் நன்னீர் மட்டம் இறங்க, உவர் மேலே வரும். குளிக்கும்போது சவர்க்காரம் நுரைக்கவில்லை, கேத்தலின் அடியில் வெள்ளைப் படை கட்டுகிறது என்றால் அந்தத் தண்ணீரை நாற்றுக்கு விடாதீர்கள். பயிர்களில் மிளகாய் உப்பைத் தாங்காத பக்கம். தண்ணீரில் எவ்வளவு உப்பு என்பதை அதன் மின்கடத்துதிறனை வைத்து அளப்பார்கள். அது மீற்றருக்கு 1 டெசிசீமன்ஸ் தாண்டும்போதே மிளகாயின் விளைச்சல் குறையத் தொடங்கும். தக்காளி கொஞ்சம் கூடத் தாங்கும், 1.7 வரை. அது வளர்ந்த செடிக்குச் சொல்லும் கணக்கு. குஞ்சு நாற்று இன்னும் மெல்லியது. உங்கள் மிஞ்சிய நாற்றின் இலை ஓரம் கருகுவது விளக்கால் அல்ல என்றே நினைக்கிறேன். விளக்குச் சூடு என்றால் மேல் இலைதான் முதலில் வெளிறிச் சுருளும். ஓரமாகக் காய்ந்து, அதுவும் பழைய இலையில் தொடங்குவது உப்பின் கைவேலை.

உப்பு தண்ணீரில் மட்டும் இல்லை, தும்புத்தூளிலும் இருக்கும். கட்டியாக விற்கும் தும்புத்தூள் சிலது நன்றாகக் கழுவாமல் வருகிறது. தேங்காய் மட்டையை ஊறப் போட்ட தண்ணீரில் இருந்த சோடியமும் பொட்டாசியமும் அதிலேயே நிற்கும். செடிக்குக் கிடைக்க வேண்டிய கல்சியத்தைத் தும்பு தானே பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் கட்டியைப் பெரிய வாளியில் ஊற வைத்து, பிழிந்து, தண்ணீரை மாற்றி, மூன்று தரம் செய்யுங்கள். குழாய்த் தண்ணீரில் செய்யுங்கள், கிணற்றில் வேண்டாம். கடைசியாகப் பிழிந்த தண்ணீரை நாக்கு நுனியில் தொட்டால் கரிக்கக் கூடாது. அதற்குப் பிறகு ஒரு பாத்திரத்தில் போட்டுக் கொதித்த தண்ணீரை ஊற்றி மூடி, ஆற விடுங்கள். வயல்காரர் நாற்றுமேடையில் வைக்கோலும் உமியும் பரப்பி எரிப்பது எதற்காகவோ, அதற்காகத்தான் இதுவும். பூஞ்சணத்தின் வித்துகள் குறையும். அரைவாசித் தும்புத்தூள், கால்வாசி மக்கிய கூட்டெரு, கால்வாசி ஆற்று மணல் கலந்தால் போதும். மணல் என்றால் மகாவலி மணல். கடற்கரை கிட்டத்தில் இருக்கிறது என்று அங்கிருந்து ஒரு பையை அள்ளி வராதீர்கள்.

குழாய்த் தண்ணீரை ஓர் இரவு திறந்த வாளியில் வைத்துவிட்டு விடலாம். அதைவிட நல்லது மழைத் தண்ணீர். ஐப்பசியில் முதல் இரண்டு மழை கூரைத் தூசியைக் கழுவிப் போன பிறகு, பீலியின் கீழ் ஒரு பீப்பாய் வையுங்கள். நாற்றுக் காலம் முழுக்கப் போதும். வாய் மூடி வலை கட்டுங்கள், இல்லாவிட்டால் நுளம்பு பெருகி டெங்கு வரும்.

இப்போது அந்தச் சாய்ந்து விழுந்த விஷயம். அது நாற்றழுகல். பித்தியம், ரைசொக்டோனியா போன்ற, பூஞ்சணமும் பூஞ்சணம் மாதிரியானவையும் மண் மட்டத்தில் தண்டைத் தாக்கும். தண்டு அந்த இடத்தில் நீர் ஊறின மாதிரித் தெரியும், பிறகு மண்ணிறமாகி நூலாகும், மேலே இலை பச்சையாக இருக்கும்போதே செடி படுத்துவிடும். பித்தியத்தின் வித்துகள் தண்ணீர்ப் படலத்தில் நீந்திப் போகக்கூடியவை. ஒரே தட்டில் எல்லாவற்றையும் நெருக்கி விதைத்து, நாளுக்கு இரண்டு தரம் தண்ணீர் விசிறி, மூடியும் போட்டால், அவற்றுக்கு நாங்களே வாய்க்கால் வெட்டிக் கொடுத்த மாதிரி. விழுந்த நாற்றை எழுப்ப எந்த மருந்தாலும் முடியாது. அதைச் சுற்றியுள்ள மண்ணோடு எடுத்து வெளியே எறியுங்கள், கூட்டெருக் குழியிலும் போட வேண்டாம்.

அதனால்தான் நான் தட்டில் விதைப்பதில்லை. யோகட் கோப்பைகள். வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் சேர்த்துக் கழுவி, அடியில் சூடு காட்டிய ஆணியால் நாலு ஓட்டை. ஒரு கோப்பைக்கு இரண்டு விதை, அரை சென்ரிமீற்றர் ஆழம். ஒன்றுக்கு நோய் வந்தால் அந்தக் கோப்பை மட்டும் போகும், பக்கத்துக் கோப்பை தப்பும். முளைக்கும் வரைதான் மூடி. பாதி விதை தலை காட்டினதும் மூடியை எடுத்துவிடுங்கள், மிச்சம் தானாக வரும். அதன் பிறகு மேலால் விசிறுவதே இல்லை. தட்டில் ஒரு விரல் அகல உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, கோப்பைகளை அதில் இருபது நிமிடம் நிற்க வைத்து, மிஞ்சிய தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். விளக்கு பற்றும் நேரத்தில் இதைச் செய்தால், வெளிச்சத்தில் செடி குடிக்கும். அணையும் நேரத்தில் செய்தால் பகல் முழுக்க ஈரம் சும்மா நிற்கும்.

அடுத்த தண்ணீர் எப்போது என்பதை நாட்காட்டி சொல்லாது. கை சொல்லும். தண்ணீர் குடித்த கோப்பையை ஒரு தரம் தூக்கிப் பாருங்கள், காய்ந்த கோப்பையையும் தூக்கிப் பாருங்கள். நாலு நாளில் உங்கள் கைக்கு அந்தப் பாரம் பழகிவிடும். மேல் தும்பு வெளிறி, கோப்பை இலேசானால் மட்டும் தண்ணீர். முதல் கிழமையில் அது மூன்று நாளைக்கு ஒரு தரமாகக்கூட இருக்கலாம். கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் விரைவாகக் காயும், கார்த்திகை மழைக்குள் ஒரு கிழமைக்கும் காயாது.

காற்றைப் பற்றிச் சொல்லும்போது 2022 எனக்கு ஞாபகம் வருகிறது. அந்தப் பங்குனியில் சில நாட்கள் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. அப்போது நானும் ஒரு மூடிய பெட்டிக்குள்தான் நாற்று வைத்திருந்தேன். மின்சாரம் போனதும் வெளிச்சம் இல்லையே என்றுதான் கவலைப்பட்டேன். பெட்டியைத் திறந்து விட வேண்டும் என்று தோன்றவில்லை. விசிறி நின்று, உள்ளே வியர்த்து, மறுநாள் காலையில் இருநூறு மிளகாய்க் கன்றுகளில் பாதி படுத்துக் கிடந்தன. தம்பலகாமத்தில் ஒருவர் அவற்றுக்கு முன்பணம் தந்திருந்தார். அவரிடம் போய்ச் சொல்வதுதான் எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. ஒரு நாள் வெளிச்சம் இல்லாவிட்டால் நாற்றுக்கு ஒன்றும் ஆகாது. ஒரு நாள் காற்று இல்லாவிட்டால் ஆகும். மின்சாரம் போனால் முதலில் டென்டின் சிப்பைத் திறந்து விடுங்கள்.

மேலே இழுக்கும் விசிறியோடு, உள்ளே ஒரு சின்ன மேசை விசிறியும் வையுங்கள், குறைந்த வேகத்தில். நேரே நாற்றின் மேல் அடிக்க விடாமல் டென்டுச் சுவரைப் பார்க்கத் திருப்புங்கள். இலை மெல்ல ஆடினால் போதும். அந்த ஆட்டத்தில் தண்டு தடிக்கும். நாளுக்கு ஒரு தரம் உள்ளங்கையால் நாற்றுகளின் தலையை இலேசாகத் தடவி விட்டாலும் அதே பலன், குட்டையாகத் திரண்டு வளரும். தடவுவதற்கு முன் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். வீட்டில் யாராவது சிகரெட், சுருட்டு குடிப்பவர், வெற்றிலையோடு புகையிலை போடுபவர் இருந்தால் அவர் கழுவாத கையால் தொடவே வேண்டாம். புகையிலையில் இருக்கும் தேமல் வைரஸ் மிளகாய்க்கும் தக்காளிக்கும் அப்படியே தொற்றும், தொற்றினால் மருந்து இல்லை.

பசளையில் அவசரம் வேண்டாம். வித்திலையில் இருக்கும் சாப்பாடு முதல் பத்து நாளுக்குப் போதும். உண்மையான இலை இரண்டு விரிந்த பிறகு தண்ணீரில் கரைத்து விடும் பசளையான அல்பேட் கலவையைப் பையில் எழுதியிருக்கும் அளவில் கால்வாசிக்குக் கரைத்து, கிழமைக்கு ஒரு தரம், அடித் தண்ணீரோடு. கடும் பச்சையாகி இலை கீழ்நோக்கி வளைந்தால் கூடிவிட்டது, அடுத்த கிழமை வெறும் தண்ணீர்.

விதை பற்றியும் கேட்டிருந்தீர்கள். கடையில் வாங்கும் செத்தல் மிளகாயின் விதையைப் போட வேண்டாம். அது எந்த இனம், எங்கிருந்து வந்தது, எவ்வளவு நாள் வெயிலில் காய்ந்தது என்று ஒன்றும் தெரியாது. கமநல சேவை நிலையத்தில் கேளுங்கள். விவசாயத் திணைக்களத்தின் எம்.ஐ. இனங்கள், அதாவது மகா இலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்து இனங்கள், எங்கள் உலர்வலயத்துக்கென்றே தெரிந்தெடுத்தவை. கலப்பின விதை வாங்கினால் அதன் காயிலிருந்து அடுத்த வருடத்துக்கு விதை எடுக்காதீர்கள், தாய் மாதிரி வராது. இளஞ்சிவப்புச் சாயம் பூசிய விதை மருந்து தடவியது. ஊறவைக்க வேண்டாம், தொட்ட கையைக் கழுவுங்கள், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். ஏதும் சந்தேகம் என்றால் 1920க்கு அழைத்தால் திணைக்களத்து ஆட்கள் சொல்லித் தருவார்கள்.

இலை சுருளுவதைப் பிரித்துப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். ஓரம் மேல்நோக்கிப் படகு மாதிரி மடிந்தால் பெரும்பாலும் பனிப்பூச்சி. கீழ்நோக்கிக் கவிழ்ந்து இலை ஒடுங்கினால் சிற்றுண்ணி. இரண்டும் இலையின் அடியில்தான் இருக்கும், போன் கமராவைப் பெருப்பித்துப் பார்த்தால் பிடிபடும். டென்டுக்குள் அவை தாமாக வருவதில்லை, தோட்டத்தில் நின்ற எங்கள் உடுப்பில்தான் வருகின்றன. அதனால் காலையில் முதலில் நாற்று, பிறகு தோட்டம். வேப்பெண்ணெய் தெளிப்பதென்றால் விளக்கு அணைந்த பிறகுதான், இல்லையேல் இலை வேகும். கோப்பையின் மேல் சின்னக் கறுப்பு ஈக்கள் பறந்தால் தண்ணீர் கூடிவிட்டது என்று அர்த்தம். மஞ்சள் ஒட்டு அட்டை ஒன்றைத் தொங்கவிட்டு, மேல் தும்பைக் காய விடுங்கள்.

வெளியே கொண்டு போகும் நாட்களில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். டென்டில் வளர்ந்த இலைக்கு எங்கள் வெயில் தெரியாது. ஒரே நாளில் முற்றத்தில் வைத்தால் பின்னேரம் இலை வெள்ளைத் திட்டாகி இருக்கும். முதல் நாள் காலை ஆறரையிலிருந்து ஏழரை வரை மட்டும், பிறகு முருங்கை நிழல். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு, பத்தாம் நாளில் பத்து மணி வெயில் வரை தாங்கப் பழக்குங்கள். நடுவது எப்போதும் பின்னேரத்தில். தக்காளி மூன்று கிழமையில் தயாராகிவிடும், மிளகாய்க்கு ஐந்து கிழமை வேண்டும். நாற்றுக்கு ஐந்து, ஆறு இலை இருக்க வேண்டும்.

இப்போது உங்களிடம் மிஞ்சியிருப்பதில் தக்காளியைக் காப்பாற்றலாம். நீண்ட தண்டை வித்திலை வரை புதைத்து வேறு கோப்பைக்கு மாற்றுங்கள், புதைந்த தண்டிலிருந்து வேர் விடும். மிளகாயை அப்படி ஆழப் புதைக்க வேண்டாம், அதன் தண்டு தக்காளியைப் போல் எளிதாக வேர் விடாது, ஈரத்தில் அழுகப் பார்க்கும். அதை மறுபடி விதைப்பதே நல்லது. புரட்டாதி நடுவில் மிளகாயைப் போடுங்கள், அதற்கு இரண்டு கிழமை கழித்துத் தக்காளி. இரண்டும் ஒன்றாக ஐப்பசிக் கடைசியில், பெரும்போக மழை தொடங்கும் நேரத்துக்கு நடவுக்கு வரும். மழை தொடங்கியதும் பகல் 28 பாகைக்கு இறங்கிவிடும், பிறகு விதைப்பவற்றுக்கு விளக்கைப் பகலுக்கே மாற்றிவிடலாம்.

அதற்கிடையில் கிணற்றுத் தண்ணீரில் ஒரு போத்தல் கொண்டுபோய் விவசாயப் போதனாசிரியரிடம் அளந்து தரும்படி கேளுங்கள். அந்த இலக்கம் கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள் தம்பி, மழைத் தண்ணீரோடு என்ன பங்கில் கலக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.